ஏற்ற மருந்தைக் கண்டடையும் வழி

மனநல மருத்துவப் புறநோயாளிப் பிரிவுக்கு வருவோர் இரண்டாவது அல்லது மூன்றாவது வருகையில் கேட்கும் கேள்வி பெரும்பாலும் ஒன்றே: "இந்த மாத்திரை எனக்கு ஒத்துக்கொள்ளவில்லை டாக்டர். அப்படியென்றால் என் நோய்க்கு மருந்தே இல்லையா?" உடன் வந்திருக்கும் தாயோ மனைவியோ அண்ணனோ அதே கவலையை வேறுவிதமாகக் கேட்பர்: "முதலிலேயே சரியான மருந்தைக் கொடுத்திருக்கக் கூடாதா?"

இரண்டும் நியாயமான கேள்விகளே. இரத்த அழுத்தத்திற்கும் சர்க்கரை நோய்க்கும் மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதும், ஒரு மருந்தை விட்டு வேறொன்றுக்கு மாறுவதும் வழக்கமாக நடைபெறுகின்றன. அவற்றை யாரும் தோல்வியாகக் கருதுவதில்லை. மனநோயில் மட்டும் மருந்து மாற்றம் என்றதும் குடும்பம் நம்பிக்கை இழக்கிறது. பலர் மருந்தையே நிறுத்திவிடுகின்றனர். நோய் மீண்டும் தலைதூக்கிய பிறகே பலரை நாங்கள் மறுபடியும் பார்க்கிறோம்.

ஏற்ற மருந்தைக் கண்டடைவது படிப்படியான ஒரு தேடல். அதில் மருத்துவரின் அறிவு ஒரு பாதி. நோயாளியும் குடும்பத்தாரும் தரும் உண்மையான தகவல் மறு பாதி. அந்தத் தேடல் எவ்வாறு நடைபெறுகிறது, அதில் உங்கள் பங்கு என்ன என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

ஒரே மருந்து எல்லோருக்கும் ஏன் பொருந்துவதில்லை?

காவிரிப் படுகை மக்களுக்கு இதை விளக்க வயலே போதும். குறுவைப் பட்டத்திற்கு ஏடிடி 43 போன்ற குறுகிய கால நெல்லைத் தேர்ந்தெடுக்கிறோம். சம்பாவுக்கு சி.ஆர். 1009 போன்ற நீண்ட கால இரகம் ஏற்றது. இரண்டும் நல்ல நெல்லே. ஆயினும் பட்டமும் மண்ணும் தண்ணீரும் பார்த்துத்தான் விதையை முடிவு செய்கிறோம். மருந்தும் அவ்வாறே.

மனநல மருந்துகளுட் பல கல்லீரலில் உள்ள சைட்டோகுரோம் என்னும் நொதிகளால் சிதைக்கப்படுகின்றன. இந்நொதிகள் சிலருக்கு வேகமாகவும் சிலருக்கு மெதுவாகவும் செயற்படுகின்றன. இது பெரும்பாலும் பிறவியிலேயே அமைவது. ஒரே பத்து மில்லிகிராம் மாத்திரை ஒருவருடைய இரத்தத்தில் மிகுதியாகத் தங்கும். மற்றொருவருக்கு விரைவில் கரைந்துபோகும். இதனோடு வயது, உடல் எடை, சிறுநீரகத்தின் நிலை, உடன் உண்ணும் பிற மருந்துகள், மது, புகை ஆகியவையும் சேர்கின்றன.

இரத்தப் பரிசோதனை ஒன்றினால் "இவருக்கு இம்மருந்தே ஏற்றது" என்று முன்கூட்டியே உறுதியாகக் கூறும் வசதி இன்றைய மனநல மருத்துவத்தில் இல்லை. ஆகவே மருத்துவர் நோயின் தன்மை, உடல்நிலை, முன்பு பயன்பட்ட மருந்து, இரத்த உறவினருக்கு எந்த மருந்து நன்கு வேலை செய்தது என்பவற்றைக் கொண்டு முதல் மருந்தைத் தேர்ந்தெடுக்கிறார். "என் அக்காவுக்கும் இதே நோய் இருந்தது, இந்த மாத்திரையில் குணமானார்" என்று நீங்கள் கூறும் ஒரு வரி, தேடலின் தூரத்தைப் பெரிதும் குறைக்கக்கூடும்.

மனச்சோர்வு நோய்க்கான மருந்துகளைப் பற்றி அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 நோயாளிகளைக் கொண்டு நடைபெற்ற 'ஸ்டார்-டி' என்னும் பெரிய ஆய்வின் முடிவுகள் 2006-இல் வெளிவந்தன. முதல் மருந்திலேயே நோய்க்குறிகள் ஏறக்குறைய முற்றிலும் நீங்கியவர்கள் மூவரில் ஒருவரே. இரண்டாவது படியையும் சேர்த்துப் பார்த்தபோது அது ஏறத்தாழப் பாதிப் பேர் என்றாயிற்று. அக்கணக்கீட்டு முறையைப் பற்றிப் பின்னர் விவாதங்கள் எழுந்துள்ளன. ஆயினும் அதன் அடிப்படைப் பாடம் எங்கள் அன்றாட அனுபவத்தோடு ஒத்துப்போகிறது: முதல் மருந்து போதாமற் போவது வழக்கமானது, அதன் பிறகும் வழிகள் உண்டு.

முதல் ஆறு வாரங்கள்

மனநல மருந்தைத் தொடங்கியவர் எதிர்கொள்ளும் மிகக் கடினமான காலம் முதல் இரண்டு வாரங்கள்தான். இக்காலத்தில் பக்கவிளைவுகள் முன்னே வருகின்றன. பலன் பின்னே வருகிறது.

மனச்சோர்வுக்கும் பதற்ற நோய்க்கும் தரப்படும் எஸ்சிட்டலோப்ராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகள் முதல் வாரத்தில் குமட்டல், தலைவலி, வயிற்றுப்போக்கு, ஒருவகைப் படபடப்பு ஆகியவற்றைத் தரலாம். பெரும்பாலோர்க்கு இவை பத்து நாள்களுக்குள் தணிந்துவிடும். பலனோ இரண்டு முதல் நான்கு வாரங்களில்தான் மெல்லத் தெரியத் தொடங்கும். போதிய அளவில் நான்கு முதல் ஆறு வாரங்கள் உட்கொண்ட பிறகே அம்மருந்து உதவுகிறதா இல்லையா என்று முடிவுகூற இயலும்.

ஒன்பதாம் நாளில் நிறுத்தப்பட்ட மருந்தைத் 'தோற்ற மருந்து' என்று கணக்கிட முடியாது. அது இன்னும் சோதிக்கப்படாத மருந்து. எனவேதான் முன்பு உட்கொண்ட மருந்தைப் பற்றிக் கேட்கும்போது அதன் பெயரோடு, எவ்வளவு அளவில், எத்தனை வாரம் உட்கொண்டீர்கள் என்றும் விடாது கேட்கிறோம்.

பலன் தெரியும் வரிசையையும் அறிந்துகொள்வது நலம். பெரும்பாலும் உறக்கமும் பசியும் முதலில் சீராகின்றன. பிறகு உடற்சோர்வு குறைகிறது. மனத்தின் பாரமும் நம்பிக்கையின்மையும் கடைசியில்தான் விலகுகின்றன. ஆகவே நோயாளி "எனக்கு ஒன்றும் மாறவில்லை" என்று கூறும் நாளிலேயே, "நேற்று இரண்டு இட்லி கூடச் சாப்பிட்டார்" என்று மனைவி சொல்வதுண்டு. இரண்டு கூற்றும் உண்மையே. மருத்துவருக்கு இரண்டும் தேவை.

மூன்று பயணங்கள்

கீழே கூறப்படுவோர் தனிமனிதர் அல்லர். பல நோயாளிகளின் அனுபவங்களை ஒன்றுசேர்த்து, எவரையும் அடையாளம் காண இயலாதவாறு எழுதப்பட்டவை இவை.

முதலாமவர் ஐம்பது வயதைக் கடந்த சிறு விவசாயி. சம்பாப் பயிர் நீரில் மூழ்கிய ஆண்டில் உறக்கம் கெட்டது, பேச்சுக் குறைந்தது, வரப்புக்குப் போவதையே நிறுத்திவிட்டார். மனச்சோர்வு நோய் எனக் கண்டறியப்பட்டு எஸ்சிட்டலோப்ராம் தொடங்கப்பட்டது. வெறும் வயிற்றில் விழுங்கியதால் குமட்டல் அதிகமாயிற்று. எட்டாம் நாள் நிறுத்திவிட்டார். மறுமுறை வந்தபோது அதே மருந்து பாதி அளவில், காலை உணவுக்குப் பின் தரப்பட்டது. பத்து நாள் கழித்து முழு அளவாயிற்று. ஆறாம் வாரத்தில் பாதி முன்னேற்றம் தெரிந்தது. அளவு சற்றுக் கூட்டப்பட்டது. மூன்றாம் மாதத்தில் அவரே உழவு வேலையைப் பற்றிப் பேசத் தொடங்கினார். இவருக்கு மருந்து மாற்றம் தேவைப்படவில்லை. உட்கொள்ளும் முறையும் அளவும் கால அவகாசமும் மாறியதே போதுமானதாக இருந்தது.

இரண்டாமவர் பட்டயப் படிப்பை இடையில் நிறுத்திய இளைஞர். காதில் குரல்கள் கேட்டன. அண்டை வீட்டார் தம்மைக் கண்காணிப்பதாக நம்பினார். மனச்சிதைவு நோய்க்கு முதலில் தரப்பட்ட ரிஸ்பெரிடோனில் குரல்கள் ஓரளவு குறைந்தன. ஆனால் கைகால் விறைப்பும் நடுக்கமும் வந்தன. அடுத்துத் தரப்பட்ட ஓலன்சபினில் விறைப்பு இல்லை; உடல் எடை சில மாதங்களில் வெகுவாகக் கூடியது; குரல்களோ முற்றிலும் நிற்கவில்லை. இரண்டு மருந்துகளைப் போதிய அளவில், போதிய காலம் கொடுத்தும் நோய் அடங்காதபோது எண்ணிப் பார்க்க வேண்டிய மருந்து க்ளோசபின். 1988-இல் வெளியான புகழ்பெற்ற ஆய்வு ஒன்றில், பிற மருந்துகளுக்கு இணங்காத நோயாளிகளுள் 30 விழுக்காட்டினர் ஆறே வாரங்களில் க்ளோசபினுக்கு இணங்கினர்; ஒப்பிட்டுப் பார்க்கத் தரப்பட்ட பழைய மருந்துக்கு இணங்கியோர் 4 விழுக்காட்டினரே.

ஆனால் க்ளோசபின் அரிதாக வெள்ளணுக்களை ஆபத்தான அளவுக்குக் குறைத்துவிடும். எனவே முதல் 18 வாரங்கள் வாரந்தோறும் இரத்தப் பரிசோதனை வேண்டும். அதன் பின்னரும் குறிப்பிட்ட இடைவெளியில் தொடர வேண்டும். காய்ச்சலோ தொண்டை வலியோ வந்தால் 'சாதாரணச் சளி' என்று விட்டுவிடாமல் அன்றே மருத்துவமனைக்கு வர வேண்டும். மலச்சிக்கலையும் மறைக்காது சொல்ல வேண்டும். இம்மருந்தில் அது சிறு தொல்லையாக நின்றுவிடாமல் பெருந்தொல்லை ஆகலாம். இவ்வளவு கட்டுப்பாடுகளையும் ஏற்றுக்கொண்ட அக்குடும்பம் ஓராண்டுக்குப் பின், மகன் தன் தந்தையின் கடையில் கணக்குப் பார்ப்பதைக் கண்டது.

இவருடைய அனுபவத்தில் இன்னொரு பாடமும் உண்டு. நாளொன்றுக்கு ஒரு கட்டுப் பீடி புகைத்துவந்தவர் அவர். புகையிலையின் புகை, க்ளோசபின், ஓலன்சபின் ஆகிய மருந்துகளை உடல் விரைவாகச் சிதைக்கும்படி செய்கிறது. பீடியைத் திடீரென நிறுத்தியபோது இரத்தத்தில் மருந்து மிகுந்து, பகலெல்லாம் தூக்கம் அழுத்தியது. புகையை விடுவது மிக நல்லது. விடப்போகிறேன் என்று முன்கூட்டியே மருத்துவரிடம் சொன்னால் அளவைச் சரிசெய்துகொள்ளலாம்.

மூன்றாமவர் நடவு வேலைக்குச் செல்லும் முப்பது வயதுப் பெண்மணி. சில மாதங்கள் அளவுக்கு மீறிய உற்சாகம், உறக்கமின்மை, கைப்பொருளை வாரி இறைத்தல். பின் சில மாதங்கள் எழவே முடியாத சோர்வு. இது இருமுனை மனநிலைக் கோளாறு. இந்நோய்க்குப் பயன்படும் வால்ப்ரோயேட், கருவிலுள்ள குழந்தையின் வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும் என்பதால் குழந்தை பெறும் வயதுடைய பெண்களுக்கு அதைத் தவிர்க்கிறோம். அவருக்கு லித்தியம் தரப்பட்டது, நன்கு பயன்பட்டது. கருத்தரிக்க எண்ணும்போது லித்தியத்தைப் பற்றியும் முன்னதாகவே மருத்துவரோடு கலந்து பேச வேண்டும் என்பதும் அவருக்குச் சொல்லப்பட்டது.

லித்தியம் நெற்பயிருக்கு நீர் கட்டுவதைப் போன்றது: குறைந்தால் பயனில்லை, மிகுந்தால் கேடு. இரத்தத்தில் லிட்டருக்கு 0.6 முதல் 1.0 மில்லிமோல் வரை இருப்பதே பெரும்பாலோர்க்கு ஏற்றது. இரவு மாத்திரைக்குப் பின் 12 மணி நேரம் கழித்து, காலை மாத்திரை உட்கொள்ளுமுன் எடுத்த இரத்தத்தில்தான் இதைச் சரியாக அளவிட இயலும்.

கோடை வெயிலில் வியர்த்து நீர்ச்சத்து இழந்தாலும், வாந்தி, வயிற்றுப்போக்கு வந்தாலும், உப்பைத் திடீரென விலக்கினாலும் லித்தியம் உடலில் தேங்கிவிடும். நடவு முடிந்து இடுப்பு வலி என்று மருந்துக் கடையில் வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகளும், இரத்த அழுத்தத்திற்குத் தரப்படும் சில மாத்திரைகளும் அவ்வாறே செய்யும். கை நடுக்கம் மிகுதல், தள்ளாட்டம், நாக்குக் குழறல், வாந்தி ஆகியவை லித்தியம் நஞ்சாகி வருவதன் அறிகுறிகள். உடனே மருந்தை நிறுத்தி அவசரப் பிரிவுக்கு வர வேண்டும். வயலுக்குச் செல்லும்போது நீராகாரமும் மோரும் தூக்குவாளியில் எடுத்துச் செல்வது நம் முன்னோர் வழக்கம். லித்தியம் உட்கொள்வோர்க்கு அது மருத்துவ அறிவுரையும் ஆகும்.

தன் அனுபவத்தைத் தானே எழுதிய ஒருவர்

இத்தகைய தேடலைத் தம் வாழ்விலேயே கடந்து, பெயரை மறைக்காது எழுதியவர்கள் மிகச் சிலர். அவர்களுள் ஒருவர் அமெரிக்க உளவியல் பேராசிரியர் கே ரெட்ஃபீல்ட் ஜாமிசன். இருமுனைக் கோளாறைப் பற்றிப் பாடநூல் எழுதிய அறிஞரான அவருக்கே அந்நோய் இருந்தது. 1995-இல் வெளியிட்ட 'ஆன் அன்கொயட் மைண்ட்' என்னும் தன்வரலாற்றில் அதை அவர் வெளிப்படையாகக் கூறினார்.

லித்தியம் தமக்குத் தேவை என்பதை அறிவால் அறிந்திருந்தும் மனத்தால் அவரால் ஏற்க இயலவில்லை. பலமுறை நிறுத்தினார், ஒவ்வொரு முறையும் நோய் திரும்பியது, ஒருகட்டத்தில் உயிருக்கே ஆபத்து நேர்ந்தது. அவர் மருந்தை வெறுத்ததற்குக் காரணமும் இருந்தது. தொடக்கக் காலத்தில் உட்கொண்ட மிகுந்த அளவினால் குமட்டலும் நடுக்கமும் ஏற்பட்டன. நீண்ட நூல்களை ஊன்றிப் படிக்க முடியாமற் போயிற்று. பேராசிரியர் ஒருவருக்கு அது எத்துணைப் பெரிய இழப்பு என்பதைக் கூற வேண்டியதில்லை. பின்னாளில் அளவு குறைக்கப்பட்டபோது நோயும் அடங்கியிருந்தது. படிக்கும் ஆற்றலும் மீண்டது.

அவர் வரலாறு நமக்கு இரண்டு உண்மைகளைக் காட்டுகிறது. நோயைப் பற்றிய படிப்பு மட்டும் ஒருவரை மருந்தோடு இணங்கச் செய்துவிடாது. எனவே மருந்தை நிறுத்திய நோயாளியைப் படிப்பறியாதவர் என்று கடிந்துகொள்வதில் பயனில்லை. அடுத்து, 'ஏற்ற மருந்து' என்பது பெயரை மட்டும் குறிப்பதன்று. ஏற்ற அளவையும் குறிப்பதாகும். நோயை அடக்கி, அவரவருக்கு உயிரான தொழிலைச் செய்யவும் விடுகின்ற அளவே ஏற்ற அளவு. ஆசிரியருக்குப் படிப்பு; தச்சருக்குக் கை நடுங்காமை; பேருந்து ஓட்டுநருக்கு விழிப்பு. உங்களுக்கு எது இன்றியமையாதது என்பதை முதல் நாளிலேயே மருத்துவரிடம் கூறுங்கள்.

குறிப்பேடு எழுதுங்கள்

தஞ்சையை 1798 முதல் 1832 வரை ஆண்ட இரண்டாம் சரபோஜி மன்னர், தன்வந்திரி மஹால் என்னும் மருத்துவ நிலையத்தை நடத்தினார் என்பதைப் பலர் அறிவர். அவர் காலத்துக் கண் நோயாளிகளைப் பற்றிய குறிப்புகள், நோயுற்ற கண்ணின் வண்ண ஓவியங்களோடு சரசுவதி மகால் நூலகத்தில் இன்றும் பாதுகாக்கப்படுகின்றன. நோயாளியின் நிலை, செய்யப்பட்ட சிகிச்சை ஆகியவற்றை ஏறத்தாழ இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே எழுதிவைத்த ஊர் இது.

கண்ணில் உள்ள நோயை ஓவியமாகத் தீட்டலாம். மனத்தில் நிகழ்வதை அவ்வாறு தீட்ட இயலாது. அதைச் சொல்லக்கூடியவர் நோயாளி ஒருவரே. மாதம் ஒருமுறை சில நிமிடங்கள் நடைபெறும் சந்திப்பில், கடந்த முப்பது நாள்களையும் நினைவிலிருந்து சொல்வது யாருக்கும் கடினம். ஆகவே நாற்பது பக்க நோட்டு ஒன்றை வாங்கி, நாளுக்கு ஒரு வரி எழுதுங்கள். எழுத இயலாதோர்க்கு வீட்டில் படிக்கும் பிள்ளைகள் உதவலாம்.

அதில் இருக்க வேண்டியவை: எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், மனநிலைக்குப் பத்துக்கு எத்தனை மதிப்பெண், மாத்திரை உட்கொண்டீர்களா, தவறியதா, உடலில் புதிதாகத் தோன்றிய தொல்லை எது, வேறு மருத்துவரோ மருந்துக் கடையோ கொடுத்த மருந்துகள் எவை. பெண்கள் மாதவிலக்கு வந்த தேதியையும் குறிக்க வேண்டும். ரிஸ்பெரிடோன் போன்ற சில மருந்துகள் மாதவிலக்கை நிறுத்திவிடலாம். வெட்கத்தினால் பலர் இதைச் சொல்வதில்லை. ஆண்களும் பெண்களும் தாம்பத்திய உறவில் ஏற்படும் குறைபாட்டைச் சொல்வதில்லை. சொல்லாமலே மருந்தை நிறுத்திவிடுகின்றனர். இவை எங்களுக்குப் புதியவை அல்ல. மருந்தை மாற்றியோ அளவைக் குறைத்தோ பெரும்பாலும் சரிசெய்யக்கூடியவை.

மாத்திரை அட்டையையும் தவறாது எடுத்து வாருங்கள். அரசு மருத்துவமனையில் தரும் மாத்திரை வெள்ளையாகவும், கடையில் வாங்கியது மஞ்சளாகவும் இருக்கலாம். நிறுவனப் பெயர் வேறாயினும் உள்ளிருக்கும் மருந்து ஒன்றாகவே இருக்கலாம். இதை அறியாமல் இரண்டையும் சேர்த்து உட்கொண்டு இருமடங்கு மருந்தோடு வந்தவர்கள் உண்டு. அட்டையில் சிறிய எழுத்தில் உள்ள மருந்தின் மூலப்பெயரைப் படித்துப் பழகுங்கள்.

குடும்பத்தாரின் பங்கு

'தூக்க மாத்திரை' என்னும் சொல்லை வீட்டில் தவிர்க்குமாறு வேண்டுகிறேன். மனநல மருந்துகள் அனைத்தையும் அப்பெயரால் அழைக்கும் வழக்கம் நம் பகுதியில் உண்டு. உண்மையில், பழக்கமாகிவிடும் தன்மையுடைய தூக்க மருந்துகள் ஒரு சிறு பிரிவே. அவற்றைப் பெரும்பாலும் சில வாரங்களுக்கு மட்டுமே தருகிறோம். மனச்சோர்வு நீக்கும் மருந்தும் மனச்சிதைவுக்கான மருந்தும் போதைக்கு அடிமையாக்குவன அல்ல. ஆயினும் அவற்றைத் திடீரென நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், உறக்கமின்மை ஆகியவை வரலாம்; நோயும் திரும்பலாம். அதனாற்றான் படிப்படியாகக் குறைக்கிறோம்.

நோயாளி மறுக்கிறார் என்பதற்காக மாத்திரையைப் பொடித்துச் சோற்றிலோ காப்பியிலோ மறைத்துக் கொடுக்கும் குடும்பங்களின் வேதனை எங்களுக்குப் புரிகிறது. ஆனால் உண்மை தெரியவரும் நாளில் மருந்தின்மீது மட்டுமன்றி, சோற்றின்மீதும் அதை ஊட்டும் கையின்மீதும் நம்பிக்கை போய்விடும். எவ்வளவு உள்ளே சென்றது என்பதும் தெரியாது. மறைப்பதற்கு முன் எங்களிடம் வாருங்கள். நாவில் கரையும் மாத்திரைகளும், சில வாரங்களுக்கு ஒருமுறை போடும் ஊசிகளும் உள்ளன. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தரப்படும் சிகிச்சையையும் அதன் பக்கவிளைவுகளையும் அறிந்துகொள்ளும் உரிமையை நோயாளிக்கு அளித்துள்ளது என்பதையும் நினைவிற்கொள்ள வேண்டும்.

மற்றொன்று, மிக முக்கியமானது. மனச்சோர்வு மருந்து தொடங்கிய முதல் வாரங்களிலும், அளவு மாற்றப்படும்போதும், குறிப்பாக இருபத்தைந்து வயதுக்குட்பட்டவர்களிடம், அமைதியின்மையோ உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணமோ தோன்றுகிறதா என்று கவனிக்க வேண்டும். "அப்படி ஏதேனும் எண்ணம் வருகிறதா?" என்று அன்போடு நேரடியாகக் கேட்கலாம், கேட்பதனால் அவ்வெண்ணம் உண்டாகிவிடாது. வயல் சார்ந்த வீடுகளில் பூச்சிமருந்தைத் திண்ணையிலும் மாட்டுக் கொட்டகையிலும் வைப்பது வழக்கம். அதை வீட்டை விட்டு அகற்றுங்கள். இயலாவிட்டால் பூட்டி, சாவியை நீங்கள் வைத்திருங்கள். மாத்திரைகளையும் ஒரு வாரத்திற்கு உரியதை மட்டும் வெளியே எடுத்துவையுங்கள்.

கோவிலும் மூலிகையும்

கோவிலுக்கோ தர்காவுக்கோ வேளாங்கண்ணிக்கோ செல்வதை மருத்துவர் தடுப்பார் என்று எண்ணிப் பலர் அதை எங்களிடம் மறைக்கின்றனர். தடுக்க வேண்டிய தேவையில்லை. காவிரியின் வடகரையில் திருச்சிராப்பள்ளிக்கு அருகிலுள்ள குணசீலம் பெருமாள் கோவிலில் மனநோயாளிகள் ஒரு மண்டலம் தங்கி வழிபடுவது நெடுங்கால மரபு. இன்று அங்கே மருத்துவ மேற்பார்வையோடு மனநல மறுவாழ்வு மையமும் இயங்குகிறது. வழிபாடும் மாத்திரையும் ஒரே கூரையின்கீழ் இயலும் என்பதற்கு அது நம் பகுதியின் சான்று. மருந்தை விடச் சொல்லும் இடத்தையும், மனிதரைக் கட்டிவைக்கும் இடத்தையும் மட்டும் தவிருங்கள். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் தனியார் காப்பகம் ஒன்றில் தீப்பற்றியபோது சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்த 28 பேர் உயிரிழந்ததை நம் மாநிலம் மறக்கலாகாது.

மூலிகைக்குப் பக்கவிளைவு இல்லை என்பதும் பரவலான நம்பிக்கை. மனநோய்க்கு நம் நாட்டில் நெடுங்காலம் பயன்பட்ட வேர் சர்ப்பகந்தா. கல்கத்தாவைச் சேர்ந்த மருத்துவர்கள் கணநாத் சென், கார்த்திக் சந்திர போஸ் ஆகியோர் அதன் பயனைப் பற்றி 1931-இல் எழுதினர். 1952-இல் அவ்வேரிலிருந்து ரிசர்பின் என்னும் மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. சில ஆண்டுகள் உலகெங்கும் அது மனநோய்க்குத் தரப்பட்டது. இரத்த அழுத்தம் தாழ்தல், சோர்வு போன்ற விளைவுகளாலும், மேலும் சிறந்த மருந்துகள் வந்தமையாலும் மனநல மருத்துவத்தில் அதன் பயன்பாடு மறைந்தது. வேரிலிருந்து வந்தாலும் தொழிற்சாலையிலிருந்து வந்தாலும், நன்மை செய்யும் ஆற்றலுள்ள பொருளுக்குத் தீமை செய்யும் ஆற்றலும் உண்டு. சித்த, ஆயுர்வேத மருந்து உட்கொண்டால் அதையும் குறிப்பேட்டில் எழுதுங்கள். கண்டிப்பதற்காக நாங்கள் கேட்பதில்லை.

எப்போது நிறுத்தலாம்?

முதன்முறை மனச்சோர்வு வந்தவர், முற்றிலும் நலமடைந்த பிறகும் குறைந்தது ஆறு முதல் ஒன்பது மாதங்கள் அதே அளவில் மருந்தைத் தொடர வேண்டும். மீண்டும் மீண்டும் வந்தவர்க்கு அக்காலம் நீளும். மனச்சிதைவுக்கும் இருமுனைக் கோளாறுக்கும் பெரும்பாலும் ஆண்டுக்கணக்கில் தேவைப்படும். 'நலமாகிவிட்டேன், எனவே மருந்து வேண்டாம்' என்று தோன்றும் நாளே நீங்கள் மருத்துவரைக் காண வேண்டிய நாள். நிறுத்த விரும்பினால் வெளிப்படையாகச் சொல்லுங்கள். நடவோ அறுவடையோ வீட்டில் திருமணமோ இல்லாத காலமாகப் பார்த்து, மெல்ல மெல்லக் குறைப்போம்.

தொலைவும் செலவும் காரணமாக மருந்தை விட வேண்டியதில்லை. மாவட்ட மனநலத் திட்டம் 1996-இல் நாட்டில் தொடங்கியபோது முதலில் தேர்ந்தெடுக்கப்பட்ட மாவட்டங்களுள் திருச்சிராப்பள்ளியும் ஒன்று. இன்று தமிழகத்தின் எல்லா மாவட்டங்களிலும் அத்திட்டம் உள்ளது. அதன் மருத்துவர்கள் வட்டார அரசு மருத்துவமனைகளுக்கு வருகின்றனர். மருந்து இலவசமாகக் கிடைக்கிறது. அண்டை மாவட்டமான புதுக்கோட்டையில், சென்னையைச் சேர்ந்த ஸ்கார்ஃப் நிறுவனம் 2010 முதல் பேருந்து ஒன்றையே மருத்துவ அறையாகவும் மருந்தகமாகவும் அமைத்து, சென்னையிலுள்ள மனநல மருத்துவரைத் திரையில் காணும் வசதியைக் கிராமங்களுக்குக் கொண்டுசென்றது. மனம் தாங்காத எந்த நேரத்திலும் 14416 என்னும் டெலி-மானஸ் இலவச எண்ணை அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

நினைவிற்கொள்ள வேண்டியவை

1. பக்கவிளைவு முன்னே, பலன் பின்னே. ஆறு வாரங்களுக்கு முன் முடிவு செய்யாதீர்கள். ஆனால் தொல்லை தாங்க முடியாவிட்டால் அடுத்த தேதிவரை காத்திராமல் வாருங்கள்.

2. மருந்தின் பெயர், அளவு, உட்கொண்ட காலம் ஆகிய மூன்றையும் எழுதிவையுங்கள். ஊர் மாறினாலும் மருத்துவர் மாறினாலும் தேடல் முதற்படியிலிருந்து தொடங்க வேண்டியிராது.

3. கடும் காய்ச்சலோடு உடல் விறைப்பு, தோலில் பரவும் தடிப்பு, தள்ளாட்டம், நினைவு தடுமாறல், உயிரை மாய்க்கும் எண்ணம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினாலும் இரவு பகல் பாராது அவசரப் பிரிவுக்கு வாருங்கள்.

4. மாத்திரையைத் தவறவிட்டதையும், நிறுத்தியதையும், மது அருந்தியதையும் உள்ளபடியே கூறுங்கள். உட்கொள்ளாத மருந்தை உட்கொண்டதாக எண்ணி நாங்கள் அளவைக் கூட்டினால், அதனால் துன்புறப்போவது நோயாளியே.

அடுத்த சந்திப்புக்கு வரும்போது மாத்திரை அட்டையையும் குறிப்பேட்டையும் கொண்டுவாருங்கள். இரண்டாவது மருந்தைப் பற்றியோ மூன்றாவதைப் பற்றியோ பேச வேண்டியிருந்தால், அவற்றை வைத்துக்கொண்டு உங்களோடு அமர்ந்து பேசுவோம்.